ஒரு சீசா கிணற்றுத் தண்ணீர்

கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு வழக்கு ஒன்பது வருஷம் நடந்தது. கோர்ட்டு, வக்கீல் எதுவும் கிடையாது. தையலம்மாளின் நெற்றிக் குங்குமம்தான் வழக்கு. அவள் புருஷன் கண்ணையன் செத்துப்போனான் என்று பிரெஞ்சு சர்க்கார் தாளில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருந்தது. ஊர் அதை நம்பிவிட்டது. தையலம்மாள் நம்பவில்லை. தினமும் காலையில் குளித்து, காலணா அகலத்துக்குப் பொட்டு வைத்து, கிடைத்த பூவைச் சொருகிக்கொண்டு, எவள் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று தெரு நடுவில் நடந்தாள்.

அவளைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் ஊருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. நடவில் அவள் போட்ட வரிசை கோணாது. பேச்சில் அவளை மடக்கிய ஆள் கிடையாது. கண்ணையன் சாகவில்லை என்பதற்கு அவள் காரணம் சொல்வாள். கேட்டவர்கள் ‘அதானே’ என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஊருக்குத் தொல்லையே அந்தக் காரணம்தான்.

கண்ணையன் வயலில் வேலை இல்லாத மாதங்களில் கிணறு வெட்டப் போகிறவன். மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்து, “இங்க வெட்டுங்க, ரெண்டு ஆள் மட்டத்துல தண்ணி” என்பான். பாகூர் ஏரியைச் சுற்றியிருக்கும் பூமியில் இது பெரிய வித்தையா என்று கேட்டவர்களும் உண்டு. அங்கே எங்கே தோண்டினாலும் தண்ணீர்தான். சில இடங்களில் குழாயை இறக்கிவிட்டால் இறைக்க ஆள் வேண்டாம். தானாகப் பொங்கி இராப்பகலாக வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும். இருந்தாலும் கண்ணையன் காட்டிய இடத்தில் தண்ணீர் வராமல் போனதில்லை. அந்தப் பெயர் அவனுக்கு இருந்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

1926ஆம் வருஷம் ஜிபூத்திக்குப் போகவிருந்த ஒரு கப்பித்தான், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துத் துரை, கிணறு வெட்டத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று கிராமங்களில் சொல்லிவிட்டார். ஜிபூத்தி என்பது ஆப்பிரிக்கக் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த ஒரு துண்டு பூமி. கல்லும் மணலும் வெயிலும்தான் அங்கே விளைச்சல். கண்ணையன் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டான்.

“அந்த ஊர்ல கெணறே செரியா இல்லியாம் தையலு. நான் போயி நாலு கெணறு வெட்டிக் குடுத்துட்டு ஓடியாந்துடறேன்” என்றான். அடுத்த தெருவில் கூரை மேய்ந்து கொடுக்கப் போகிறவன் மாதிரிதான் சொன்னான்.

தையலம்மாளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கலியாணம் ஆகி ஒன்றரை வருஷம். பிள்ளை இல்லை. புருஷனைக் கப்பல் ஏற்றி அழைத்துப்போகிறார்கள் என்பதில் அவளுக்கும் பெருமைதான். கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். தண்ணீர்ச் செம்பு ஒன்றையும் எடுத்து வைத்தாள். “தண்ணி எடுக்கப் போறவனுக்குச் செம்பு எதுக்கு?” என்று அவன் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான்.

1928 தை மாதம் கடுதாசி வந்தது. கொம்யூன் என்கிற ஊராட்சியின் குமாஸ்தா அதைத் தமிழில் படித்துச் சொன்னார். கண்ணையன் போன கூட்டம் பாலைவனத்தில் வழி தவறியது. கையிலிருந்த தண்ணீர் தீர்ந்தது. கண்ணையன் ஓர் இடத்தில் கிணறு தோண்டினான். நீர் கண்டான். நீர் உப்பாக இருந்தது. மூன்றாம் நாள் தாகத்தால் இறந்தான். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டான். அவ்வளவுதான் கடுதாசி.

காசம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் கண்ணையனின் அண்ணன் தங்கவேலின் பெண்சாதி, தையலம்மாளுக்கு ஓரகத்தி. தையலம்மாள் அழவில்லை. குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டாள்.

“தண்ணி வந்துச்சின்னு எழுதியிருக்குதா?”

“எழுதியிருக்குது.”

“அப்புறம் தாகத்துல செத்தாருன்னும் எழுதியிருக்குதா?”

“ஆமாம்மா. தண்ணி உப்புன்னு போட்டிருக்கே.”

“உப்புன்னா இன்னா? குடிச்சா செத்தாப் போவாங்க? எங்க ஊர்ல கோடை முச்சூடும் உப்புத் தண்ணிதான் குடிக்கறோம். நான் இன்னும் குத்துக்கல்லாட்டம் நிக்கல? ரெண்டுல ஒண்ணு பொய்யி. எதுன்னு எழுதுனவனையே கேளுங்க.”

அவள் பிறந்த ஊர் பூரணாங்குப்பம். கடலுக்குப் பக்கம். அங்கே கடற்கரை மணலில் முழங்கை ஆழம் பள்ளம் பறித்தால் தண்ணீர் ஊறும். அலை வந்து விழும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கடல் தண்ணீர் அல்ல, நல்ல தண்ணீர். கோடையில் கொஞ்சம் கரிக்கும். கரிக்கும் தண்ணீரில் சோறு வடித்தால் உப்பு மிச்சம் என்பார்கள். அந்த மண்ணில் பிறந்து, ஏரிக்கரையில் வாக்கப்பட்ட பெண்ணிடம் போய், கிணறு வெட்டுகிறவன் கிணறு வெட்டி, தண்ணீரும் கண்டு, தாகத்தில் செத்தான் என்றால் அவள் எப்படி நம்புவாள்? பாலைவனம் என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்குமே தெரியாது. அவர்கள் முத்திரையைப் பார்த்து நம்பினார்கள். இவள் யோசித்துப் பார்த்து நம்பவில்லை. இரண்டில் எது அறிவு என்று என்னைக் கேட்டால் சட்டென்று சொல்லமாட்டேன்.

அவள் கட்டிய கணக்கு இதுதான்: கண்ணையன் அந்த ஊரிலேயே தங்கிவிட்டான். வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறானோ என்னவோ. கப்பித்தான் மூடி மறைக்கிறார். என்றைக்காவது திரும்பி வருவான். வந்தால் முதலில் விளக்குமாறு, பிறகு சோறு.

தங்கவேல் கருமாதிக்கு நாள் பார்த்தான். தையலம்மாள் உலக்கையை எடுத்து வாசலில் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். “என் கழுத்துல இது கெடக்கற வரைக்கும் எவன் எள்ளு எறைக்கறான்னு பாக்கறேன்” என்றாள். தங்கவேல் சாது. புரோகிதர் அவனைவிடச் சாது. இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் போன இடமெல்லாம் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்கு அல்ல. கலியாண வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டை நீட்டுகிறவள் அவள் முன்னால் வந்ததும் தட்டை நீட்டுவதா தாண்டிப் போவதா என்று விழிப்பாள். தையலம்மாள் தானே கையை விட்டு எடுத்துக்கொள்வாள். நாளடைவில் அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அது வலித்தது. வலித்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

காசம்மாள் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். “செத்த உசுருக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சாத்தான்டி அதுங்க தாகம் அடங்கும். எங்கொழுந்தன் தண்ணி இல்லாமச் செத்தான். இப்பவும் தண்ணி இல்லாம நிக்கறான். பாவம்டி.”

“உசுரோட இருக்கறவருக்கு எதுக்குக்கா எள்ளுத் தண்ணி? அவரு பீங்கான்ல காப்பி குடிச்சிகினு இருப்பாரு.”

இப்படி ஒன்பது வருஷம் போயிற்று.

1937 சித்திரையில் பாகூர் மேரிக்கு, அதாவது கொம்யூன் மேயர் உட்காரும் கட்டடத்துக்கு, நாலு மாட்டு வண்டியில் சாமான்கள் வந்து இறங்கின. ஆப்பிரிக்காவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த ஒரு துரை தான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பட்டணத்தில் காட்சிக்கு வைத்திருந்தாராம். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்களாம். கிராமத்து ஜனங்களும் பார்த்து அறிவு பெறட்டும் என்று மூன்று மாதத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மேரியின் கூடத்தில் ஒரு பலகை தொங்கவிட்டார்கள். மேலே பிரெஞ்சிலும் கீழே தமிழிலும் ‘பாலைவனத்தில் நீரும் வாழ்வும்’ என்று எழுதியிருந்தது.

மேரியில் பெருக்குகிற பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அந்த மூன்று மாதத்துக்கு ஆள் தேடினார்கள். வயலில் வேலை இல்லாத காலம். தையலம்மாள் போய் நின்றாள். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து தினமும் நடை. இரண்டு ஊரும் பிரெஞ்சுக்காரன் பூமி, நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லையில் நாலு வயல் தாண்ட வேண்டும். அவளுக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை. காட்சி எதைப் பற்றியது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

காட்சியைப் பார்த்துக்கொள்ளவும் வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லவும் மரியதாஸ் என்று ஒருவர் வந்திருந்தார். வில்லியனூர்ப் பக்கத்து மாதாகோயில் ஊர்க்காரர். பிரெஞ்சு படிப்பார். தொப்பி வைத்திருப்பார், கூடத்துக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். பிரெஞ்சு தெரிந்த ஆளை முசே என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தையலம்மாளும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவள் வாயில் அது பாதி மரியாதையாகவும் பாதி கேலியாகவும் வரும்.

கூடத்து நடுவில் பலகை அடைத்து, உள்ளே முழங்கால் உயரத்துக்கு மணல் கொட்டியிருந்தார்கள். மணல்மேல் ஒரு ஒட்டகம், ஒரு ஈச்சமரம், கயிறு தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் பள்ளமாக விழுந்த ஒரு கிணற்றுக் கல். சுவரோரத்தில் ஆட்டுத்தோலில் தைத்த தண்ணீர்ப் பை. மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அரக்கு வைத்து மூடிய ஒரு சீசா.

முதல் நாள் காலையில் தையலம்மாள் கூடத்தைப் பெருக்கினாள். மணலைப் பார்த்தாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, வாசல் தெளிக்கிற மாதிரி கையால் அள்ளி அள்ளி மணல்மேல் தெளித்துவிட்டாள். மண் தரை என்றால் காலையில் தெளிக்க வேண்டும். அவளுக்கு அதற்குமேல் யோசனை இல்லை. ஒவ்வொரு நாளும் மரியதாஸ் வருவதற்கு முன்னால் தெளித்தாள். பத்தாம் நாள் ஒட்டகத்தின் முன்னங்கால் ஓரத்தில் இரண்டு இலை விட்டு ஒரு கொடி முளைத்திருந்தது.

மரியதாஸ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“தையலம்மா, இது இன்னா?”

“அடம்பங்கொடி. கடக்கரை மணல்ல மொளைக்கறது.”

“அது எப்பிடி இங்க வந்துச்சி?”

“தண்ணி தெளிச்சேன், மொளைச்சிடுச்சி. மணலு எங்கேருந்து அடிச்சீங்க முசே?”

மரியதாஸ் குரலைத் தாழ்த்தினார். துரை கொண்டுவந்த நிஜப் பாலைவன மணல் ஒரு தாம்பாளத்துக்குத்தான் காணும். மீதி வண்டி வைத்து அடித்தது. பூரணாங்குப்பத்திலிருந்து.

தையலம்மாள் சிரித்த சிரிப்பில் மேயர் அறையிலிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்தார். “எங்க ஊரு மணலா! நான் வெளையாண்ட மணல எனக்கே பாலைவனம்னு காட்டறீங்களா? அந்த ஒட்டகம்?”

“அது வில்லியனூர்க் குயவர் செஞ்சது. படத்தப் பாத்து.”

“கழுத்த எருமைக்கு வெக்கறாப்பல வெச்சிருக்காரு.”

அன்றைக்கு அவளுக்குப் பரம சந்தோஷம். பாலைவனமே பொய் என்று ஆகிவிட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் காசம்மாளிடம் சொன்னாள். “அக்கா, பாலைவனம்னா இன்னான்னு நேர்ல பாத்துட்டேன். கால்வண்டி மணலு, ஒரு பொம்ம. இதுக்குள்ளயா எம் புருசன் செத்துப்போனாரு?”

மரியதாஸுக்கு அவள் கதை பிறகு தெரிந்தது. தெரிந்தபின் அவர் அவளிடம் கொஞ்சம் கவனமாகப் பேசினார். அவள்தான் விடவில்லை. வருகிறவர்களுக்கு அவர் விளக்கும்போது துடைப்பத்தோடு பின்னால் நின்று கேட்டுவிட்டு, கூட்டம் போனதும் பிடித்துக்கொள்வாள்.

“இந்தக் கல்லு நெசமா, இதுவும் வண்டி வெச்சி அடிச்சதா?”

“இது நெசம். துரை கொண்டாந்தது.”

“இவ்ளோ ஆழம் தேயணும்னா எத்தினி தலமொறை எறைச்சிருக்கணும்? அப்ப அங்க கெணறு இருக்குது, தண்ணியும் இருக்குது. அப்புறம் எப்பிடி முசே மனுசன் சாவான்?”

“நல்ல கெணறும் இருக்குதும்மா. நாலு நாள் நடந்தா ஒண்ணு. நடுவுல தோண்டினா இதான் வரும்” என்று மரியதாஸ் சீசாவைக் காட்டினார். துரை தன் கண்ணெதிரே தோண்டச் செய்த ஒரு கிணற்றிலிருந்து பிடித்துவந்த தண்ணீர் அது. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெளிந்த தண்ணீர். பாகூர் ஏரித் தண்ணீரைவிடத் தெளிவு.

“பளிங்காட்டம் இருக்குது. இதக் குடிச்சிட்டா செத்தாங்க?”

“உப்பும்மா.”

“உப்பு, உப்பு! எல்லாரும் அதையே சொல்லுங்க. நான் உப்பு திங்காதவளா?”

வைகாசி பிறந்தது. காசம்மாளின் மகள் அமுதத்துக்குப் பண்டசோழநல்லூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. ஆனியில் கலியாணம். அமுதம் சின்ன வயதில் தையலம்மாளின் இடுப்பிலேயே வளர்ந்தவள்; இப்போதும் சித்தி தலை வாரிவிட்டால்தான் அவளுக்குப் பிடிக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகப் பேச்சை எடுத்தார்கள். இந்த வீட்டில் ஒரு சாவு கழிக்காமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டோம். சித்தப்பன் காரியம் முடியாத வீட்டில் பந்தக்கால் நட எங்களுக்குப் பயமாக இருக்கிறது. வைகாசிக்குள் அதை முடித்துவிடுங்கள். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.

அவர்கள் போனபின் காசம்மாள் வந்தாள். இந்த முறை திட்டவில்லை. தையலம்மாளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“தையலு, நான் உன்னக் கேட்டுக்கறேன்டி. உன் வீம்புக்கு எம் பொண்ணு வாழ்வப் பலி வாங்கிடாத.”

“வீம்பா? அவரு திரும்பி வந்து, ‘நான் இருக்கறப்பவே எனக்கு எள்ளு எறைச்சிட்டியாடி’ன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?”

“வரமாட்டான்டி.”

“உனக்கு எப்பிடிக்கா தெரியும்?”

காசம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுதாள். அமுதம் உள்ளே கதவோரத்தில் நின்றிருந்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் தையலம்மாளைத் தொந்தரவு செய்தது.

மறுநாள் மேரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. அவளுடைய யோசனைகள் எல்லாவற்றையும் போலவே இதுவும் நேரான யோசனை. அந்தச் சீசாத் தண்ணீரைக் குடித்துக் காட்டிவிட வேண்டும். பண்டசோழநல்லூர்க்காரர்கள் முன்னால், முசேயைச் சாட்சி வைத்துக்கொண்டு, குடித்துவிட்டு நிற்க வேண்டும். நான் சாகவில்லை, அவரும் செத்திருக்க மாட்டார், இப்போது பந்தக்காலை நடுங்கள் என்று சொல்ல வேண்டும்.

மரியதாஸிடம் கேட்டாள். அவர் பதறிப்போனார்.

“அது ஒண்ணுதான் முழுசா நெசம் தையலம்மா. அதத் தொட்டா என் வேல போயிடும். அதுவும் குடிக்கறதா? வேணாம்மா.”

“ஒரு வாய் குடு முசே. செத்தேன்னா எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணா எள்ளு எறைச்சிடட்டும், செலவு மிச்சம்.”

அவர் பெட்டியைப் பூட்டி, சாவியை மேசை இழுப்பறைக்குள் போட்டார். அந்த இழுப்பறையைத் தினமும் துடைப்பவள் யார் என்று அவர் யோசிக்கவில்லை.

நடுப்பகலில் மரியதாஸ் சாப்பிடப் போனார். குமாஸ்தா தூங்கினார். வெளியே வெயில் கொளுத்தியது. தையலம்மாள் காலையிலிருந்து நடந்ததிலும் பெருக்கியதிலும் நா வறண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். சாட்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சோதனை என்றால் சரியாகச் செய்ய வேண்டும். பெட்டியைத் திறந்தாள். அரக்கை நகத்தால் பெயர்த்தாள். தயங்கவில்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொங்கும் குழாயில் வாய் வைத்துக் குடிக்கிற மாதிரி அண்ணாந்து ஒரு முழு வாய் ஊற்றி விழுங்கினாள்.

உப்பு என்று அவளுக்குத் தெரிந்த சொல்லுக்கும் வாயில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. சின்ன வயதில் அலையில் புரண்டு கடல் தண்ணீரை எத்தனையோ தரம் குடித்திருக்கிறாள். இதோடு பார்த்தால் அது இளநீர். நாக்கு சுருண்டது. தொண்டை பற்றி எரிந்தது. துப்பப் பார்த்தாள், பாதி உள்ளே போய்விட்டது. போனது வயிற்றில் தங்கவில்லை. பெருக்கி வைத்திருந்த தரையிலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. தட்டுத் தடுமாறித் தாழ்வாரத்துப் பானைக்குப் போய் ஒரு செம்பு குடித்தாள். இன்னொரு செம்பு. மூன்றாவது. வயிறு நிரம்பியது, தாகம் அப்படியே இருந்தது.

அவள் மணல் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒட்டகத்தின் காலடியில் அடம்பங்கொடி இப்போது ஐந்து இலை விட்டிருந்தது.

மரியதாஸ் வந்து பார்த்தார். திறந்த பெட்டி, உடைந்த அரக்கு, நனைந்த தரை. தொப்பியைக் கையில் பிடித்தபடி எதிரில் வந்து நின்றார்.

“பானையில தண்ணி இருந்துச்சி” என்றாள் தையலம்மாள். “நான் ஓடிப் போயிக் குடிச்சிட்டேன்.”

“ம்.”

“அவரு தோண்டியிருப்பாரு முசே. தோண்டாம இருக்கமாட்டாரு. தண்ணி வந்தவொடனே சிரிச்சிருப்பாரு, அவருக்கு அப்பிடி ஒரு சிரிப்பு உண்டு. அள்ளி வாயில வெச்சிருப்பாரு.”

மரியதாஸ் தொப்பியைக் கீழே வைத்தார்.

“இதுதான் கெடச்சிதா அவருக்கு?” என்று அவள் கேட்டாள். அவர் ஆமாம் என்றார். மூன்று நாள் அவன் எப்படி இருந்திருப்பான் என்பதை அவள் கேட்கவில்லை. அரைநாள் தாகமே அவளுக்குச் சொல்லிவிட்டது.

பிறகு வேறொன்று அவளுக்கு நினைவு வந்தது. செத்த உசுரின் தாகத்தைப் பற்றிக் காசம்மாள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தது, இப்போது முழுசாக வந்து விழுந்தது. தையலம்மாள் எழுந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். “நான் வூட்டுக்குப் போறேன் முசே” என்று சொல்லிவிட்டு அந்த வெயிலில் இறங்கி நடந்தாள்.

மரியதாஸ் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தரையைத் தானே துடைத்தார். சீசாவில் குறைந்ததைப் பானைத் தண்ணீரால் நிரப்பினார். கல்லுப்பு மூன்று கை அள்ளிப் போட்டுக் குலுக்கினார். மெழுகுவர்த்தியை உருக்கி வாயை அடைத்தார். காட்சி ஆனிக் கடைசிவரை நடந்தது. ஏகப்பட்ட பேர் வந்து அந்தச் சீசாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். துரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தையலம்மாள் வழியில் எங்கும் நிற்கவில்லை. குழாய்க் கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கக்கூடாததைப் பார்த்தவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. கொல்லைக்குப் போனாள். அங்கே கண்ணையன் கலியாணத்துக்கு முந்தின வருஷம் வெட்டிய கிணறு இருந்தது. வாளியை இறக்கினாள். மொண்டாள். இழுத்து, கிணற்றடி மண்ணில் கொட்டினாள். மறுபடி இறக்கினாள். மொண்டாள். கொட்டினாள்.

உருளைச் சத்தம் நிற்காமல் கேட்டதால் காசம்மாள் எழுந்து வந்து பார்த்தாள். கொல்லை முழுதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தையலம்மாள் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். கண்ணில் விழுந்த தண்ணீரைப் புறங்கையால் வழித்தபோது நெற்றிக் குங்குமமும் சேர்ந்து கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

“இன்னாடி பண்ற? யாருக்குடி கொட்டற?”

தையலம்மாள் கயிற்றை விடவில்லை.

“நாளைக்கே நாள் பாக்கச் சொல்லுக்கா. அமுதத்துக்குக் கலியாணம் நடக்கட்டும்.”

காசம்மாளுக்குப் புரிந்தது. ஒன்பது வருஷமாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவள்தான். வந்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கிட்டே போய்த் தையலம்மாளின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

“செய்யலாம்டி. மொறையா ஆத்தங்கரையில செய்யலாம். இப்பப் போதும், உள்ள வா.”

தையலம்மாள் அப்போதுதான் அழுதாள். புருஷன் செத்த சேதி வந்த அன்று அழ வேண்டிய அழுகை. வாளியைக் காசம்மாளின் கையில் கொடுத்தாள்.

“அந்தப் பாலைவனம் தண்ணி குடுக்காதது மூணு நாள்தான்க்கா. நான் ஒம்பது வருசம் குடுக்கல. ஊத்துக்கா, நீயும் ஊத்து.”